முத்துச்சிப்பிப் பிடியின் மறுபாதி

1

மே மாதம் வந்தால் என் தம்பி அந்தோணி ஒரு சனிக்கிழமை மாலை மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு நேரே எனக்குப் போன் போடுவான். தூத்துக்குடியில் மாலை என்றால், இங்கே அமெரிக்காவில், கனெக்டிகட் ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் சிறு நகரத்தில், காலைக் காப்பி நேரம். ஊரில் ஆலையை மூடச் சொல்லிப் போராடியவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய மாதம் அது. செத்தவர்களுக்காக வைக்கும் பூசை.

அந்தோணி போராட்டத்துக்குப் போனவன் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது தொடையில் ஒரு குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் கிரேன் ஏணியில் ஏறக் கால் இடம் கொடுக்கவில்லை. இப்போது துறைமுக வாசலில் உட்கார்ந்து லாரிகளுக்குப் பாஸ் எழுதுகிறான்.

அந்த நாளைப் பற்றி அவன் என்னிடம் பேசியதே கிடையாது. "பூச முடிஞ்சுக்கா. நல்ல கூட்டம். நீ எப்படி இருக்க?" என்பான். அதோடு சரி. இந்த வருடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டான்.

"இப்பவும் அதே வேலதானாக்கா?"

"அதேதான்டா."

"சரி, சரி. வைக்கட்டுமா?"

பழைய ரிவால்வர்களைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை. தொடையில் குண்டு வாங்கிய ஒருவனின் அக்கா செய்கிற வேலை அது. இந்தக் குறிப்பை எழுதக் காரணம் அவன் கேட்ட கேள்வி மட்டும் இல்லை. அந்தப் போன் வந்த மறுவாரம் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது.

2

ஸ்டெல்லா டீச்சர் எப்படித் துப்பாக்கிக் கடைக்குப் போனாள் என்று ஊரில் என்னைப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. அது கடை இல்லை, ஏலக் கம்பெனி. என் கணவர் சேவியருக்கு இங்கே கப்பல் எஞ்சின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நான் அவர் கூட வந்தேன். தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய என்னை, இங்கே வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு விசா வருடக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்தது. அது மாறிய பிறகு நான் எழுதிப் போட்ட இடங்களில் பதில் வந்தது ஒன்றே ஒன்று. ஏலத்துக்கு வரும் பழைய ஆயுதங்களுக்கு விவரக் குறிப்பு எழுத ஆள் தேவை.

முதலாளி வால்டர் வயசாளி. "துப்பாக்கி பற்றித் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"நல்லதாகப் போயிற்று. தெரிந்தவர்கள்தான் அதிகம் பொய் எழுதுகிறார்கள்."

குழலும் விசையும் எனக்குக் கடைசி வரை ஒட்டவில்லை. என் கண் போனது பிடியின் மேல். ரிவால்வரில் மனிதனின் கைக்கென்று யோசித்துச் செய்த பாகம் அதுதான். ஆரம்ப காலத்துப் பிடி, கலப்பையின் மேழி மாதிரி வளைந்து இறங்கும். இவர்களும் அதற்கு மேழி என்றே பேர் வைத்திருக்கிறார்கள். சுட்ட வேகத்தில் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது அந்த வளைவு உள்ளங்கைக்குள் உருண்டு மேலேறும். கட்டைவிரல் அடுத்த குண்டுக்காகத் துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலை இழுக்க வசதியாகப் போய் நிற்கும். சட்டைப்பையில் வைக்கிறவர்களுக்காக அடிப்பக்கத்தை உருட்டி, பறவைத்தலை என்று இன்னொரு வடிவம் செய்தார்கள்.

பட்டாளத்துக்குப் போனதெல்லாம் வால்நட் மரம். சோதித்துப் பார்த்தவன் தன் பெயரின் முதலெழுத்தை அதில் முத்திரையாகக் குத்தியிருப்பான். பிறகு கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர் வந்தது. அச்சில் அழுத்தி எடுத்தால் கழுகும் பூவும் தானே விழும், விலையும் மலிவு. பணக்காரனுக்கு யானைத் தந்தம். அதில் காளைத் தலை செதுக்கி, கண்ணுக்குச் சிவப்புக் கல் பதித்ததைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் மேற்குக் கரையில் சில மரவேலைக்காரர்கள், சுடுகிறவன் தன் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பினால் அந்தக் கைக்கென்றே பிடி செதுக்கித் தந்தார்கள், தையல்காரர் அளவெடுப்பதைப் போல.

துப்பாக்கிக் கம்பெனிக்காரன் பேர் உலகத்துக்கே தெரியும். பிடி செய்தவன் பேர் அநேகமாகத் தெரியாது. நல்ல வேலைப்பாடு செய்தவர்களில் பலர் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஆணியைக் கழற்றிப் பிடியின் உட்பக்கத்தைப் பார்த்தால், எந்தத் துப்பாக்கிக்கு எந்தப் பிடி என்று பென்சிலில் எண் எழுதியிருக்கும். செய்தவனின் கையெழுத்தென்று மிஞ்சுவது அந்த எண்தான். ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தால், இவன் ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் போனவன் என்று நான் நினைத்துக்கொள்வேன். விவரக் குறிப்பில் அதை எழுத முடியாது. ஆனாலும் அந்த ஆளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

இந்த இதத்துக்காகத்தான் வேலையில் நிலைத்தேன் போலிருக்கிறது. பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றதைப் பார்க்காமல் இருந்துவிடலாம்.

3

சில வருடங்களுக்கு முன் வால்டர் எனக்கு ஒரு ஜோடி முத்துச்சிப்பிப் பிடி கொடுத்தார். சிப்பி ஓட்டை அறுத்து இழைத்து, துப்பாக்கிக்கு இடமும் வலமுமாக வைத்து முடுக்குகிற இரண்டு பட்டைகள். ஒன்றில் ஆணித் துளையிலிருந்து மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தது. "இது விலை போகாது. நீ சிப்பி நாட்டுக்காரி, வைத்துக்கொள்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சேவியர் அதை முன்னறையில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு லேஞ்சியில், பழைய கைக்குட்டையில், சுற்றிச் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டு வைத்தேன்.

எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது பத்து வயது இருக்கும். அடிக்கடி அதை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்ப்பாள். வெள்ளைக்குள் பச்சையும் ரோஸும் நெளியும்.

"இது உங்க ஊர்ச் சிப்பியா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். எங்கள் கடலின் முத்துச்சிப்பி சின்னது. ஓடு அப்பளக் கனம்தான் இருக்கும், துப்பாக்கிப் பிடிக்கு உதவாது. இது ஆஸ்திரேலியாவின் வடக்கே எடுத்த, சாப்பாட்டுத் தட்டளவு சிப்பி. அங்கேயும் ஆட்கள் மூச்சடக்கி மூழ்கித்தான் எடுத்தார்கள். முத்துக்காக என்பதைவிட ஓட்டுக்காக. பொத்தானும் கத்திப் பிடியும் துப்பாக்கிப் பிடியும் செய்ய அந்த ஓடு தேவைப்பட்டது.

"அப்ப உங்க ஊர்ல இருந்து துப்பாக்கிக்கு ஒண்ணுமே போகலையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அவளுக்கு அது ஏமாற்றமாக இருந்த மாதிரி தெரிந்தது. பக்கத்தில் வந்து நின்று தமிழில் கேள்வி கேட்ட கடைசி நாட்கள் அவை. பிறகு இங்கிலீஷ், அப்புறம் காதில் மாட்டுகிற இயர்போன், அப்புறம் மூடிய கதவு.

இங்கே பள்ளிக்கூடங்களில் துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மேசைக்கடியில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் வருடம் அந்தப் பயிற்சி முடிந்து வந்தவள், சாப்பிட உட்காராமல் என் எதிரே நின்றாள்.

"நீ எழுதுகிற துப்பாக்கி எல்லாம் இன்னும் சுடுமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"சிலது சுடும்."

மாடிக்குப் போய்விட்டாள். அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் பழைய மரச்சாமான் விற்கும் இடம் என்று அவள் சொல்வதாக, அவளுடைய சிநேகிதியின் தாய் மூலம் பின்னால் தெரிந்தது. நான் அவளிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்கும் பயம்தான்.

4

அந்தோணியின் போன் வந்த மறுவாரம், ஒரு நாள் வேலையில் இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். உங்கள் மகள் நலம், ஆனால் உடனே வரவும் என்றார்கள். 'நலம், ஆனால்' என்பதைத் தாங்கிக்கொண்டு கார் ஓட்டுவது எப்படி என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் இரண்டு போலீஸ் வண்டிகள் நின்றன. வகுப்புகளின் கதவெல்லாம் பூட்டியிருந்தது.

அலுவலக அறையில் ஜெனி உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியரும் வரலாற்று ஆசிரியையும் ஒரு போலீஸ்காரரும் இருந்தார்கள். மேசையின் மேல், பிளாஸ்டிக் பையில், அந்த முத்துச்சிப்பிப் பட்டைகளில் ஒன்று. கீறல் இல்லாதது.

உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிற ஒரு பொருளைக் கொண்டுவந்து வகுப்பில் பேசுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஜெனி இதைக் கொண்டுபோயிருக்கிறாள். அவள் பேசி முடித்ததும், வேட்டைக்குப் போகிற வீட்டுப் பையன் ஒருவன் வடிவத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, ஜெனியிடம் ரிவால்வரின் பாகம் இருக்கிறதென்று அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளை அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, இது உங்களுடையதா?"

"ஆமாம்."

"இதன் மீதி எங்கே?"

ஜோடியின் மறுபாதியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "வீட்டில். சமையலறை இழுப்பறையில்."

அறையில் ஓர் அசைவு. அவர் குரல் மாறியது. "பூட்டி வைத்திருக்கிறீர்களா?"

"பூட்டா? கரண்டிகளோடு கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்."

"அம்மா, பேசாத!" என்று கத்தினாள் ஜெனி. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த தமிழ். "அவர் துப்பாக்கியக் கேக்குறாரும்மா!"

"இங்கிலீஷில் மட்டும் பேசுங்கள்" என்றார் போலீஸ்காரர், தோளில் இருந்த கருவியில் எதையோ சொல்லிக்கொண்டே. நான் விளக்கத் தொடங்கினேன். பதற்றத்தில் எனக்கு இங்கிலீஷ் இலக்கணம் முதலில் போகும், அப்புறம் உச்சரிப்பு போகும். துப்பாக்கி இல்லை, பிடி மட்டும், துப்பாக்கி நான் வேலை பார்க்கும் இடத்தில் இருக்கிறது என்று சொன்னேன். அதுவும் உதவவில்லை.

5

வீட்டுக்கு வந்து தேடலாமா என்று கேட்டார்கள். தேடிக்கொள்ளுங்கள் என்றேன். சேவியர் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்து முன்னறையில் நின்றார். இரண்டு கையும் வெளியே தெரியும்படி, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்தின பையனைப் போல. தன் சொந்த வீட்டில் அவர் அப்படி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

ஓர் இளம் பெண் போலீஸ் இழுப்பறையைத் திறந்தாள். இடியாப்ப உழக்கையும் புட்டுக்குழாயின் மூடியையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேஞ்சியைப் பிரித்தாள். பட்டை உள்ளே இருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

மாடி வரை தேடிவிட்டு, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். கதவு சாத்தியதும் சேவியர் சோபாவில் உட்கார்ந்தார்.

"அடுத்த மாசம் குடியுரிமைக்கு இன்டர்வியூ இருக்கு, தெரியும்லா? இத்தன வருஷத்துல ஒரு சிகப்பு விளக்கக்கூடத் தாண்டினவன் இல்ல நான். எப்பவாவது போலீஸ் விசாரிச்சுதான்னு கேப்பான். என்னன்னு சொல்ல?"

"நடந்ததச் சொல்லுவோம்."

"எது நடந்தது? பொண்டாட்டி துப்பாக்கி வித்தாள்னா?"

"நான் விக்கல. எழுதுதேன்."

"அத அவங்ககிட்டப் போய்ச் சொல்லு. ஒந் தம்பிகிட்டச் சொல்லு!"

சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. வந்து என் தோளைத் தொட்டார். நான் தட்டிவிடவில்லை. ஆனால் அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்துவிட்டது. இத்தனை வருடமாக வாசலில் நின்றுகொண்டிருந்தது என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஜெனி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசாரணைக் கூட்டம் முடியும்வரை அவளைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் அவள் என்னிடம் பேசவில்லை. நான் சோறு கொண்டுபோய் வைப்பேன். தட்டு காலியாகத் திரும்பி வரும். அந்தளவுக்கு நிம்மதி.

6

கூட்டத்தில் தலைமையாசிரியர் விதிகளைப் படித்தார். துப்பாக்கியோ அதன் பாகமோ பள்ளிக்குள் கூடாது. பிறகு, வகுப்பில் அவள் என்ன பேசினாள் என்று வரலாற்று ஆசிரியையிடம் கேட்டார். ஆசிரியை ஜெனியைப் பார்த்து, "நீயே சொல்கிறாயா?" என்றார். ஜெனி தலையசைத்து மறுத்துவிட்டாள். அதனால் ஆசிரியை சொன்னார்.

"இவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசினாள். 'என் அம்மா முத்து எடுக்கும் கடற்கரையில் பிறந்தவள். இந்தச் சிப்பி அந்தக் கடலில் எடுத்ததில்லை. நான் சின்ன வயதில் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் மாமா அதே ஊரில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது சுடப்பட்டார். என் அம்மா துப்பாக்கிப் பிடிகளை அழகாக இருக்கிறது என்று எழுதிச் சம்பாதித்து எனக்குச் சோறு போடுகிறாள். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டால், இதற்கு நடுவிலிருந்து வருகிறேன். இதை எப்படி ஒன்றாகச் சேர்த்து வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.' இப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. கைதட்டத் தோன்றவில்லை."

நான் ஜெனியின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் மேல் தவறில்லை என்று பள்ளி எழுதிக் கொடுத்தது. எடுத்துவைத்த பட்டையை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இன்னும் போகவில்லை. குடியுரிமை இன்டர்வியூவில் அதிகாரி இதைக் கேட்டார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் பள்ளியின் கடிதத்தைப் பார்த்தார், சேவியரைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். வெளியே வந்து சேவியர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உடம்பு அசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் இந்தக் குறிப்புக்கு நன்றாக இருக்கும். விடவில்லை. கடிகாரங்கள், மரச்சாமான்கள் பக்கம் மாற்றித் தர முடியுமா என்று வால்டரிடம் கேட்டேன். அங்கே ஆள் இருக்கிறது என்றார். அவருக்கு என் கஷ்டம் புரிந்தது. ஆனால் அவரும் கம்பெனி நடத்துகிறவர். சேவியரின் சம்பளம் மட்டும் போதாது, ஜெனி கல்லூரிக்குப் போக வேண்டும். போன வாரம்கூட ஒரு தந்தப் பிடிக்கு விவரம் எழுதினேன். 'அழகிய' என்ற சொல்லை எழுதி, அடித்துவிட்டு, 'சேதமற்ற' என்று எழுதினேன். வால்டர் கவனிக்கவில்லை.

7

இனி எழுதுவதை எழுதலாமா என்று நெடுநாள் யோசித்தேன். அந்தோணி பத்திரிகை படிக்கிறவன். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் என்னால் அவனிடம் இதைச் சொல்ல முடியாது.

கோடை விடுமுறை தொடங்கியதும் ஜெனி என்னிடம் மாமாவின் நம்பரைக் கேட்டாள். பிறகு சனிக்கிழமைக் காலைகளில் அவளே அவனுக்குப் போன் போடத் தொடங்கினாள். முதலில் இரண்டு பேருக்கும் பாஷை தடுக்கிற்று. அவன் துறைமுக இங்கிலீஷ், இவள் பாதித் தமிழ். சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை துவைத்த துணிகளை மடித்து மாடிக்கு எடுத்துப் போனேன். அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்திருந்தாள். அந்தோணியின் குரல் கேட்டது.

"ஏளா, மெதுவாச் சொல்லுதேன். புரியலன்னா கேளு."

"சொல்லுங்க மாமா."

"பாலத்துக்கிட்ட வண்டிய நிறுத்திட்டேன். எல்லாரும் ஓடி வாராங்க. நா ஓடல. எதுக்கு ஓடணும், நா வேலைக்குப் போய்ட்டு வாரவந்தானன்னு அங்கனயே நின்னேன். தூரத்துல ஒருத்தன் நின்னான். அவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்லளா. எத்தனையோ தடவ நெனச்சுப் பாத்துட்டேன், வரல. கைதான் ஞாபகம் இருக்கு. துப்பாக்கியப் புடிச்சிருந்த கை. நடுங்கிட்டே இருந்திச்சு."

துணியோடு சுவரில் சாய்ந்துகொண்டேன். ஜெனி மெல்லக் கேட்டாள்.

"இத அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்லளா. அவ தெனமும் அதத் தொட்டு வேல பாக்குதவ. நாஞ் சொன்னா நாளைக்குப் போய் எப்படித் தொடுவா? அவளும் பொழைக்கணும்லா. நீயும் சொல்லாத, என்ன?"

"சொல்ல மாட்டேன் மாமா."

சத்தமில்லாமல் கீழே இறங்கி வந்தேன். துணியை நாற்காலியில் வைத்துவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். சற்றுப் பொறுத்து ஜெனி வந்தாள். கண் சிவந்திருந்தது. தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

"மாமா என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சும்மாதாம்மா பேசிட்டிருந்தோம்" என்றாள், நல்ல தமிழில். "ஊர்ல மழையே இல்லையாம்."